வாசல் மிதிக்காத தலைச்சன்

செங்கமலத்துக்கு நாலு பிள்ளைகள், நாலும் ஆண். அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் வாகே அதுதான் என்று வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பேச்சு. மாமனாரும் அவர் கூடப்பிறந்தவர்களும் நாலு பேர், எல்லாரும் ஆண். புருஷன் அண்ணாதுரையோடு சேர்த்து அண்ணன் தம்பி ஐந்து பேர். நாத்தனார் என்று ஒருத்தி அந்த வீட்டுக்குக் கிடையாது. கல்யாணம் வந்தால் மூன்றாவது முடிச்சுப் போடப் பங்காளி வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிவந்து பெண்ணுக்குப் பின்னால் நிறுத்துவார்கள். அதிலும் ஒரு பெருமை இருந்தது. ஆம்பள வித்து விழுந்த வூடு என்று மாமியார் கனகம் உயிரோடு இருந்தவரை தெருக்குழாயில் நின்றுகொண்டு சொல்லுவாள்.

அந்தப் பெருமை செங்கமலத்தின் கைக்கும் வந்து சேர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் எங்கே வளைகாப்பு நடந்தாலும் முதல் வளையலைப் போட அவளைத்தான் தேடி வந்தார்கள். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குப் போய், அவள் ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவ சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. லைனில் வேலை பார்க்கிற பெண்கள் டீ இடைவேளையில் வந்து, அக்கா ஞாயித்துக்கெழம எங்க அண்ணிக்கு வளையல் போட வரணும் என்று கூப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவள் வளையல் போட்டவர்களில் பாதிப் பேருக்குமேல் பெண்தான் பிறந்திருக்கும். அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஆண் பிறந்தால் செங்கமலத்தின் கைராசி. பெண் பிறந்தால் அந்த மருமகளுடைய பிறந்தவீட்டு வாகு.

ஆனால் அவள் பெற்றது நாலு இல்லை. ஐந்து.

முதல் பிரசவம் வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கிற அவள் அம்மா ஊரில், தொண்ணூற்று நாலாம் வருஷம் தை மாசம். பத்து மாசமும் நிரம்பிப் பிறந்த பெண் குழந்தை. தலை நிறைய முடி. எட்டாம் நாள் அண்ணாதுரை வந்து பார்த்துவிட்டுப் போனான். பத்தாம் நாளிலிருந்து குழந்தைக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பால் குடிக்கும்போதே தூங்கிப்போனது. பிரசவம் பார்த்த இடத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். செங்கமலத்தின் அம்மா, கையில் காசில்லாமல், சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். அங்கே அறுவடை நடந்துகொண்டிருந்தது. நெல்லைக் களத்தில் போட்டுவிட்டு எப்படி வருவது, முடித்துவிட்டு வருகிறோம் என்று கனகம் பதில் சொல்லி அனுப்பினாள். அண்ணாதுரை வந்து சேர மூன்று நாள் ஆனது. பதினேழாம் நாள் விடிகாலையில் குழந்தை போய்விட்டது. அந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே அண்ணாதுரைதான் குழி தோண்டினான்.

மறு மாசம் அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பியபோது கனகம் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். திட்டவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"நம்ம வாசல மிதிக்காத புள்ள நம்ம வூட்டுக் கணக்குல வராது. ஊர்ல யாரு கேட்டாலும் கொற மாசத்துல போயிட்ச்சின்னு சொல்லு. இன்னா கொழந்தன்னு வாயத் தொறக்காத."

இருபது வயசில் அதை மறுத்துப் பேச அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஜீவானந்தம் பிறந்தான். தலைச்சன் ஆண் பிள்ளை என்று முருகன் கோயிலில் முடியிறக்கி, ஊருக்கே சோறு போட்டார்கள். பின்னாலேயே எழிலரசன், பிரவீன், விமல்ராஜ். ஒவ்வொரு பிரசவத்திலும் ஆண் என்று சொன்னபோது செங்கமலம் சிரித்தாள். சிரித்துவிட்டு, அசதி என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இத்தனை வருஷம் மூடி வைத்ததை அவள் திறக்க வேண்டி வந்தது ஜீவானந்தத்துக்காக.

அவனுக்கு இருபத்தொன்பது வயசு. வெல்டிங் லைனில் நிரந்தர வேலை. அதே கம்பெனி பஸ்ஸில் படப்பையில் ஏறுகிற அமலாவை அவனுக்குப் பிடித்துப்போயிற்று, அவளுக்கும் அவனை. இரண்டு பேரும் ஒளிக்காமல் வீட்டில் சொன்னார்கள். அமலாவின் அப்பா ஏகாம்பரநாதன் படப்பையில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவருக்கு நாலு பெண்கள், அமலா மூத்தவள். அவர் மனைவியோடு பிறந்ததும் ஐந்து பெண்கள்தான். ஜீவானந்தத்தின் வீட்டைப் பற்றி விசாரித்தவர், ஜாதகத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்க்கவில்லை. மூன்று தலைமுறையாக ஆண் வாரிசு என்று கேட்டதும் முகம் மலர்ந்துபோனார். எனக்குக் கொள்ளி வெக்க ஒரு பேரனையாவது பார்த்துட்டுப் போறேன் என்று முதல்நாளே போனில் அண்ணாதுரையிடம் சொன்னார்.

ஆவணி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறுதி பேசச் செங்கமலத்தின் குடும்பம் வேன் வைத்துக்கொண்டு படப்பைக்குப் போனது. வந்தவர்களுக்குச் சமையல் தயாராக இருந்தது. பேச்சு முடிந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஆண் வாகு பெண் வாகு என்ற பேச்சு தானாக வந்தது. எழிலரசன் சும்மா இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்துப் புள்ளியியலில் பட்டம் வாங்கியவன் அவன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத வயசு.

"வாகெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. நாலு நாலு புள்ள பெத்த வூடு நூறு இருந்தா, அதுல பன்னெண்டு வூட்ல எல்லாமே ஒரே மாதிரி பொறக்கும். காசு சுண்டுற கணக்குதான்."

"கணக்கு சரிதாம்பா," என்றார் ஏகாம்பரநாதன். "அந்தப் பன்னெண்டுல நா ஏன் வந்தேன்? அத உங்க காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். எழிலரசனும் சிரித்தான். செங்கமலம் உள்ளே பாத்திரம் எடுத்து வைக்க எழுந்து போனாள். அமலா வந்து, நீங்க உக்காருங்க அத்த என்று கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். அத்தை என்று ஒரு பெண் கூப்பிட்டது செங்கமலத்தின் காதில் வெகுநேரம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் குன்றத்தூரிலிருந்து ஏகாம்பரநாதனின் அண்ணன் நரசிம்மன் வந்து சேர்ந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர், மாப்பிள்ளை எத்தனையாவது பிள்ளை என்று கேட்டார். தலைச்சன் என்றார்கள். அவர் சொம்பைக் கீழே வைத்தார். பெண்ணும் தலைச்சன், மாப்பிள்ளையும் தலைச்சன், ஆகாது என்றார். ஆனி மாசத்தில் கல்யாணம் வைக்காமல் இருந்தால் போதும் என்று ஏகாம்பரநாதன் சமாதானம் சொன்னார். நரசிம்மன் கேட்கவில்லை. தன் மகளையும் அப்படித்தான் தலைச்சனுக்குத் தலைச்சனாகக் கட்டிக்கொடுத்தார்; பதினோரு மாசத்தில் மருமகன் வண்டலூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனான். அந்த மகள் இப்போது அவர் வீட்டில் இருக்கிறாள். அவர் அதைச் சொல்லி முடித்தபோது கூடத்தில் யாருக்கும் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை.

ஏகாம்பரநாதன் கடைசி முயற்சியாகக் கேட்டார், முன்னால் ஒன்று குறை மாசத்தில் போனதாகச் சொன்னார்களே, அதைத் தலைச்சன் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா என்று. குறை மாசம் கணக்கில் வராது என்றார் நரசிம்மன். "பொறந்து மூச்சு வுட்டு, ஒரு நாளு இருந்திருந்தாலும் அதான் தலைச்சன். அப்பிடின்னா ஒரு தடையும் இல்ல."

செங்கமலம் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஜீவானந்தம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அமலா பக்கத்தில்தான் நின்றாள்.

"கொற மாசம் இல்லண்ணே," என்றாள் செங்கமலம். "பத்து மாசமும் ஆயிதான் பொறந்துச்சு. பொண்ணு. பதினேழு நாளு இருந்துச்சு. எங்கிட்ட பால் குடிச்சுது."

கூடம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. நரசிம்மன் அவளைப் பார்க்காமல் அண்ணாதுரையைப் பார்த்துக் கேட்டார், மெய்யா என்று.

அண்ணாதுரை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "அவ பேச்ச வுடுங்க. புள்ள ஆசப்பட்டுட்டானேன்னு இன்னாவோ சொல்றா. அப்பிடி ஒண்ணும் இல்ல."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர்கள் கை நனைக்காமலே வேன் ஏறினார்கள். வழியில் எழிலரசன், இவ்வளவு தூரம் பொய் சொல்ல வேண்டாம்மா என்று மெதுவாகச் சொன்னான். அவன் அம்மாவின் மீது கோபத்தில் சொல்லவில்லை. பாவம் என்றுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் முதல் ஷிப்ட் முடிந்து வந்த ஜீவானந்தம் குளிக்கக்கூடப் போகாமல் அவளெதிரில் உட்கார்ந்தான். "மெய்யாலுமே இருந்துச்சாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். அவள் சொல்லத் தொடங்கினாள். தலைமுடி எவ்வளவு இருந்தது, எந்தப் பக்கம் படுத்தால் அழாது, எந்த நாளிலிருந்து கண் மஞ்சளானது, எல்லாம். முப்பது வருஷத்தில் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுவிடாமல் வரிசையாக வந்தது. அவன் முடியும்வரை கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் பிறந்ததா வீட்டிலா என்றான். ஆஸ்பத்திரியில்தான் என்றாள். அப்ப எழுதி வெச்சிருப்பாங்கமா என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

புதன்கிழமை லீவு போட்டு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பிறப்புப் பதிவு வைத்திருக்கிற அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம்வரை காத்திருந்தார்கள். பழைய பதிவேட்டைத் தேடியெடுத்து வந்த பெண், வருஷத்தையும் மாசத்தையும் இரண்டாம் தடவை கேட்டு, விரலால் வரிசைகளைத் தடவிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினாள். தகப்பன் பெயர் அண்ணாதுரை. தாய் பெயர் செங்கமலம். பெண். குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. ஜீவானந்தம் அந்த வரியை இரண்டு முறை படித்தான். செங்கமலம் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் எழுத்துகள் கூடிவரவில்லை. சான்றிதழ் கையில் கிடைக்க இன்னும் பத்து நாள் ஆனது.

அது வந்த அன்று அவள் அதை அண்ணாதுரையின் முன்னால் வைத்தாள். ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான் அவன். காகிதத்தைத் தொடவில்லை. ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நீதானே தோண்டினாய் என்றாள்.

அவன் சீருடைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"எனக்கு மேல ஒரு பொண்ணு இருந்துச்சாம். நா பாக்கல. எனக்குக் கீழ ஒண்ணு. அலமேலுன்னு பேரு. ரெண்டு வயசு. நாந்தான் இடுப்புல வெச்சிக்கினு சுத்துவேன். ரெண்டு பேருக்கும் ஒண்ணா அம்ம போட்டுச்சு. என்ன மட்டும் மாட்டு வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போனாங்க. திரும்பி வந்தப்ப அது இல்ல. எங்கன்னு கேட்டேன். யாரன்னு கேட்டுச்சு எங்கம்மா."

செங்கமலம் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு ஆம்பளைங்க, அஞ்சு ஆம்பளைங்கன்னு சொல்லிச் சொல்லி அதுவே நெலச்சிட்ச்சி. அன்னிக்கு அவுரு மெய்யான்னு கேட்டப்ப எனக்கு வாயில அதான் வந்துச்சு. இல்லன்னு."

அவன் அழுததை அவள் அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், மண்வெட்டியோடு. ஞாயிற்றுக்கிழமை நானே வந்து சொல்லுகிறேன் என்றான்.

படப்பைக்கு இந்த முறை மூன்று பேர்தான் ஷேர் ஆட்டோவில் போனார்கள். ஜீவானந்தம் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். ஏகாம்பரநாதன் கடையை மூடிவிட்டுக் காத்திருந்தார். நரசிம்மனும் வந்திருந்தார். சான்றிதழை முதலில் அவர்தான் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இது போதும், இனிமேல் நான் குறுக்கே நிற்கவில்லை என்று தம்பியிடம் கொடுத்தார். செங்கமலத்தைப் பார்த்து, மன்னிச்சிக்கோ தங்கச்சி என்றும் சொன்னார். கதவுக்குப் பின்னால் அமலாவின் தங்கைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது.

ஏகாம்பரநாதன் காகிதத்தை நிதானமாகப் படித்தார். மடித்து வைத்துக்கொண்டு, என்ன ஆயிற்று குழந்தைக்கு என்று கேட்டார். அண்ணாதுரை சொன்னான். அறுவடையைச் சொன்னான், மூன்று நாள் ஆனதைச் சொன்னான். அன்றைக்குப் பொய் சொன்னதற்கு இன்றைக்கு ஈடு கட்டுகிறவன்போல எதையும் மறைக்கவில்லை. உங்க வீட்டில் இது ஒன்றுதானா என்று ஏகாம்பரநாதன் கேட்டபோது, தன்னோடு பிறந்த இரண்டையும் சொன்னான். செங்கமலம் அவன் முழங்கையைத் தொட்டாள், போதும் என்பதற்காக. அவன் அலமேலுவுக்கு அம்மை போட்டது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினான்.

ஏகாம்பரநாதன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் ஒவ்வொரு தபாவும் பொண்ணுன்னு சொன்னப்ப மூஞ்சி வாடிச்சிங்க. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நா நாலையும் எண்ணிட்டேன். ஜொரம் வந்தா நாலையும் தூக்கிக்கினு ஓடினேன்." காகிதத்தை அண்ணாதுரையிடமே நீட்டினார். "ஆம்பள வூடுன்னு நெனச்சி வந்தேன். இது பொண்ணு தங்காத வூடு. நா எப்பிடிங்க குடுப்பேன்?"

அது பழைய காலம், இப்போது யார் அப்படி இருக்கிறார்கள் என்று நரசிம்மனே எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஜீவானந்தம், நான் அப்படி இல்ல மாமா என்று மட்டும் சொன்னான். ஏகாம்பரநாதன் அவன் தோளைத் தட்டினார். உன்னைக் குறை சொல்லவில்லை, என் மனசு கேட்கவில்லை என்றார். அந்த மனிதரைக் கோபித்துக்கொள்ளச் செங்கமலத்தால் முடியவில்லை. அன்றைக்கு அந்தக் களத்துமேட்டில் இப்படி ஒருத்தர் இருந்திருந்தால் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அமலா பின்னாலேயே வந்தாள். ஜீவானந்தம் தெருமுனையில் ஆட்டோவுக்கு நின்றிருந்தான். அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே செங்கமலத்திடம் பேசினாள்.

"எனக்குப் பின்னால மூணு பேரு கீறாங்க அத்த. நா எங்கப்பா பேச்ச மீறிக் கௌம்பிட்டா அதுங்கள யாரு வந்து கேப்பாங்க? அவர எம்மேல கோவப்பட வேணாம்னு சொல்லுங்க."

செங்கமலம் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

அமலாவுக்குத் தை மாசம் வேறு இடத்தில் கல்யாணமானது. அன்றைக்கு ஜீவானந்தம் லீவு போடவில்லை. ஓ.டி.யும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, வைத்திருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேறு பெண் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான். சான்றிதழைத் தன் ஐ.டி.ஐ. மார்க் ஷீட்டுகளோடு ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறான். எழிலரசன் ஒருநாள் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைக்கு வேனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டான். கணக்குப் போடுவதற்கு முன்னால் எத்தனை என்று சரியாக எண்ணியிருக்க வேண்டும் என்று சொன்னான். அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள்.

ஊரில் விஷயம் மெல்லப் பரவியது. வளையல் போடக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. செங்கமலத்துக்கு அது ஒரு பாரம் இறங்கினாற்போல்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்தாள்.

மாசி மாசம் கேன்டீனில் பங்கஜம் என்று ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்தாள். காஞ்சிபுரத்துக்காரி, வாய் ஓயாதவள். தொட்டியின் இரண்டு பக்கமும் நின்று தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு எத்தன புள்ளைங்க என்று கேட்டாள்.

"அஞ்சு," என்றாள் செங்கமலம். சொல்லிவிட்டுத் தானே ஒருமுறை கேட்டுக்கொண்டாள். "மூத்தது பொண்ணு. அதுக்குக் கீழ நாலும் பசங்க."

"பரவால்லியே, மூத்தது பொண்ணா. நல்லது கெட்டதுக்கு ஓடி வரும்." பங்கஜம் தட்டை உதறி அடுக்கினாள். "எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்கீங்க?"

குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. செங்கமலம் கையிலிருந்த தட்டைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

"எங்க அம்மா ஊருலதான்," என்றாள்.

பக்கமா, அடிக்கடி போய் வருவீர்களா என்று பங்கஜம் கேட்டாள். போனதே இல்லை, இனிமேல்தான் போக வேண்டும் என்று செங்கமலம் சொன்னாள். அதற்குள் இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் சாப்பிட வரிசையில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.